போணி ஆகாத தெரு

1

"அக்கா, நீ பத்தரைக்கு மேல வந்தா போதும்" என்றாள் என் தங்கை பிலோமினா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் சிறுவயதிலிருந்தே இப்படித்தான். பொய் சொல்ல வேண்டியிருந்தால் முதலில் கைக்கு ஒரு வேலை தேடிக்கொள்வாள்.

வியாழக்கிழமை அவள் மகன் ஜெரால்டு கடை திறக்கிறான். ஒயர், சுவிட்சு, ஃபேன், பல்பு விற்கிற எலக்ட்ரிகல் கடை. உழவர்கரைப் பக்கம் போனால் தெருவுக்கு நாலு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது; இருக்கிற வீட்டின்மேலும் மாடி ஏறுகிறது. நல்ல இடம் பார்த்துத்தான் பிடித்திருக்கிறான். ஒன்பது மணிக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அவர் தலை மறைந்ததும் பூசணிக்காய் உடையும். எங்கள் புதுச்சேரிக் கத்தோலிக்கர்களுக்கு இரண்டு பக்கமும் காப்பீடு உண்டு. அதற்கப்புறம் போணி.

"வெயிலு வேற, கூட்டம் வேற. உனக்கு எதுக்குக்கா அவ்ளோ நேரம் நிக்கிற கஷ்டம்? பத்தரைக்கு ஆட்டோ அனுப்பறேன்."

தை மாதத்து வெயில். பிரான்சில் பனியில் நடந்து பஸ் பிடிக்கிறவளுக்குத் தை மாத வெயில் ஆகாதாம். "சரி, பிலோ" என்றேன். பத்தரைக்குள் போணி ஆகிவிடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கழுத்தில் தாலி இல்லை என்பதைத்தான் அவள் வெயில் என்று சொன்னாள்.

என் வீட்டுக்காரர் அந்துவானின் வருஷப் பூசைக்காக வந்திருக்கிறேன். பூசை முடிந்து, உப்பளம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அங்க இன்னாக்கா குறை? ராணி மாதிரி இருப்பீங்க." நான் சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன். அங்கே என்ன குறை என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் பார்க்கிறேன். தங்கை சொன்ன பத்தரை மணி அதையெல்லாம் கிளறிவிட்டது.

2

இந்தக் கையை ஒரு காலத்தில் தேடி வந்தார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் போகிற வழியில் சபாபதியின் மளிகைக்கடை. கடைப் பலகையை எடுத்துவைத்துவிட்டு அவர் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார். என் தலை தெரிந்ததும், "பாப்பா, ஓடியா ஓடியா! ஒரு தீப்பெட்டியாவது வாங்கினு போ" என்பார். கையில் காசு இல்லையென்று சொன்னால் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காசை வாங்கி, என் கையில் கொடுத்து, அதைத் திரும்ப என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார். வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார்.

மீன்காரிகளும் அப்படித்தான். "மரி பொண்ணு கை வச்சா கூடை காலி" என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. நான் வெண்டைக்காய் கால் கிலோ வாங்கினதற்கு அன்றைக்கு மார்க்கெட்டே வாழ்ந்தது போன்ற மிதப்பில் பள்ளிக்கூடம் போவேன். படிப்பில் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஆனால் கைராசிக்காரி.

கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போன பிறகும், லீவுக்கு வரும்போதெல்லாம் சபாபதி கூப்பிடுவார். முடி நரைத்த எனக்கு அப்போதும் பாப்பா என்றுதான் பெயர்.

ஒரு லீவில் அந்துவான் இங்கேயே போய்விட்டார். மாரடைப்பு. காலையில் கடற்கரைக்கு நடக்கப் போனவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அடக்கம் முடிந்து, கல்லறைக்கு மெழுகுவர்த்தி வாங்க சபாபதி கடைக்குப் போனேன். காலை நேரம், கடையில் வேறு யாரும் இல்லை. கிழவர் என்னைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். ஒரு முக்காலியை எடுத்து வெளியே போட்டார்.

"செத்த உக்காரும்மா. போணி ஆவட்டும்."

கடுமையாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். பாப்பா அம்மாவாகிவிட்டாள், அவ்வளவுதான். யாரோ ஒருத்தி வந்து அரைக் கிலோ ரவை வாங்குகிற வரைக்கும் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. அவர் செய்தது சரிதான் என்று பட்டது. பிழைக்கிற கடையை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நானே நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் இப்போது எனக்கு உறுத்துகிறது.

3

பிரான்ஸ் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வரும் அந்தக் கோபுரத்தை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் அங்கிருந்து அரை நாள் தூரம். ரயில் மாறி, பஸ் ஏறிப் போக வேண்டும். ஒரு காலத்தில் துணி துவைக்கும் மெஷின் செய்யும் பெரிய ஃபாக்டரி இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அதில் வேலை, அந்துவானுக்கும் அங்கேதான். ஃபாக்டரியை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். "ஆனை படுத்தாலும் குதிரை மட்டம், பார்த்துக்கலாம்" என்றார் அந்துவான். படுத்த ஆனை எழுந்திருக்கவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள், அங்கே வறுமை கிடையாது. சாலை பளிச்சென்று இருக்கும். விளக்குக் கம்பத்தில் கூடை கட்டிப் பூச்செடி வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் பென்ஷன் வரும். ஆனால் எதுவும் அசையாது. கடைத்தெருவில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கதவு மூடிக்கிடக்கும். நன்றாக ஓடுகிற கடைகள் நாலுதான்: மூக்குக்கண்ணாடிக் கடை, காதுமெஷின் கடை, மருந்துக்கடை, சவ அடக்கம் நடத்துகிற கம்பெனி. மனுஷன் எந்த வரிசையில் கெட்டுப்போகிறானோ அதே வரிசையில் இருக்கும். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தையும் சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும்.

மூடிய கடைகளைப் பார்த்தால் ஜனங்களுக்கு மனசு சோர்ந்துவிடுகிறது என்று மேரியில் ஒரு முடிவு எடுத்தார்கள். நம் ஊரில் பீச் ரோட்டில் நிற்கிறதே, அதே மேரிதான், நகராட்சி. மூடிய கடையின் கண்ணாடி முழுக்கத் திறந்த கடையின் போட்டோவை ஒட்டிவிட்டார்கள். ஆள் உயரப் படம். ரொட்டிக் கடையில் ரொட்டி அடுக்கியிருக்கும். கறிக்கடையில் கறிக்காரர் கத்தியோடு சிரிப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் தெரு ஜேஜே என்று இருக்கும். கிட்டே போய்க் கைப்பிடியைத் தொட்டால் அதுவும் படம்.

நம் ஊரில் சுவரில் ஒரு முகத்தை ஒட்டினால் என்ன அர்த்தம்? கண்ணீர் அஞ்சலி. கறிக்காரர் படத்தை முதல்முதலாகப் பார்த்த அன்று நான் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் உயிரோடு பக்கத்து ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்து அந்தத் தெருவில் தனியாக வரும்போது அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் நடக்கப் பயமாக இருக்கும். வேகமாக நடப்பேன்.

தெருவுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று மேரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு பொருளாதார நிபுணர் வந்தார். சின்ன வயசு. திரையில் படம் போட்டு நிதானமாகச் சொன்னார்: இந்த ஊரில் பணம் இல்லாமல் இல்லை, எல்லாம் பாங்கில் தூங்குகிறது. சரக்கு வரட்டும் என்று வாங்குகிறவர் காத்திருக்கிறார். வாங்குகிறவர் வரட்டும் என்று கடைக்காரர் காத்திருக்கிறார். விற்பனை நடக்கட்டும், கடன் தருகிறேன் என்று பாங்கு காத்திருக்கிறது. வேலை நிரந்தரமாகட்டும், குடும்பம் வைக்கிறேன் என்று பையன்கள் காத்திருக்கிறார்கள். இந்த ஊர் மட்டுமில்லை, நாடே இப்படித்தான் நிற்கிறது என்றார்.

அதைப் புரிந்துகொள்ள எனக்குத் திரை தேவைப்படவில்லை. நாட்டுக்குப் போணி ஆகவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பார்க்கிறார்கள்.

மேயர் என் பக்கம் திரும்பினார். "மதாம், உங்கள் நாடு வேகமாக வளர்கிறதே, அங்கே என்ன செய்கிறார்கள்?" என்றார். உங்கள் நாடாம். என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் பிரெஞ்சுப் பிரஜைகள். மேயரின் அப்பாவோ இத்தாலியிலிருந்து வந்தவர். சண்டை போட நேரமில்லை, எழுந்து போணியைப் பற்றிச் சொன்னேன். முதல் ஆள் வாங்கினால்தான் அன்றைய வியாபாரம் பிறக்கும், முதல் ஆளைக் கடைக்காரர் வெறுங்கையோடு அனுப்பமாட்டார், இலவசமாகவும் கடனாகவும் கொடுக்கமாட்டார், வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் விளக்கினேன். நிபுணர் அழகாகத் தலையாட்டினார். மேயர் பலகையில் பெரிதாக எழுதினார்: முதல் வாடிக்கையாளர்.

யார் போணி பண்ணக் கூடாது என்பதை மட்டும் நான் அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை.

4

மேரியில் சோதனைக் கடை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். காலியாக இருக்கிற ஒரு கடையை ஆறு மாதத்துக்கு மலிவு வாடகையில் கொடுப்பார்கள். தாக்குப்பிடித்தால் தொடரலாம், இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் வீட்டுக்கு நேர் எதிரில் மூடிக்கிடந்த செருப்புக்கடை எலோடிக்குக் கிடைத்தது.

எலோடிக்கு முப்பது வயசிருக்கும். அவள் அப்பா அந்துவானோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து காய்கறி, பாலாடைக்கட்டி, தேன், ஜாம் கொண்டுவந்து விற்கப்போகிறேன் என்றாள். பாரிசில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். "எல்லாரும் இந்த ஊரைவிட்டுப் போகிறார்கள் மதாம், நான் ஒருத்தியாவது திரும்பி வருகிறேனே" என்று அவள் என் வீட்டு வாசலில் நின்று சொன்னபோது, என் வயிற்றில் பிறந்த பெண் சொல்லியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இந்தக் கடை நடக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன்.

திறப்பு விழாவுக்கு மேயர் வந்தார், ரிப்பன் வெட்டினார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக நின்றேன். யாராவது போணி பண்ணட்டும், அடுத்ததாக நாம் நுழைந்து பை நிறைய வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேயர் உள்ளே போனார். ஒரு ஆப்பிளை எடுத்தார். கேமராவுக்கு முன்னால் கடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் காசு கொடுக்கவில்லை. எலோடியும் கேட்கவில்லை.

ஓசிப் போணி! புதுக் கடையின் முதல் சரக்கு ஓசியில் போகிறது. இங்கே யாராவது பார்த்திருந்தால் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஓடிப்போய் ஒரு காசை வைத்து அதைச் சரிபண்ணியிருக்கலாம். ஆனால் வைக்கிற கை என்னுடைய கை. அங்கேயே நின்றுவிட்டேன்.

அதற்கப்புறம் என் காலைப்பொழுதுகள் ஒரே மாதிரி ஆகிவிட்டன. எனக்கு வேலை மத்தியானத்துக்கு மேல்தான். எலோடி கதவைத் திறக்கும்போது பையோடு கீழே இறங்குவேன். மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்குக்கு அடியில் நின்றுகொள்வேன். யாராவது உள்ளே போய் ஒரு கட்டு முள்ளங்கி வாங்கிவிட்டால் போதும், சந்தோஷமாக நுழைந்து, தேவைக்கு மேலேயே வாங்குவேன். யாரும் வாங்காவிட்டால், சமைக்க நேரமாகிவிட்டதென்று திரும்பி மாடி ஏறுவேன். யாரும் வாங்காத நாட்கள்தான் அதிகம்.

என் பேச்சைக் கேட்டு மேயர் வேறு ஒரு உத்தரவு போட்டிருந்தார்: சோதனைக் கடையில் காலையில் முதலாவதாக வருகிறவருக்குக் காபி இலவசம். பென்ஷன் கிழவர்கள் இரண்டு பேர் முறை வைத்து வந்து காபியைக் குடித்துவிட்டுப் பேப்பரை மடித்துக்கொண்டு போனார்கள். அதைப் போணியில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

கோடையில் ஒருநாள் எலோடி விலைப்பலகைகளைப் பெரிய எழுத்தில் மாற்றினாள். அடுத்த வாரம் தக்காளியை வாசல் பக்கம் நகர்த்தினாள். பிறகு கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். ஒருநாள் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு கூடையில் இஞ்சி, பச்சைமிளகாய், கொத்துமல்லி. அந்த ஊரில் அதெல்லாம் யார் வாங்குவார்கள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு வேலைக்குக் கிளம்புகிற வரைக்கும் யாராவது போய் வாங்க வேண்டுமே என்று கால் வலிக்க நின்றேன். யாரும் வரவில்லை. கொத்துமல்லி வாடுவதைத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

5

என் மகள் மர்லேன் லியோனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எலோடி கடைக்கு முன்னால் நான் நிற்பதை ஒருமுறை சொன்னேன். போணிக்குப் பிரெஞ்சில் வார்த்தை இல்லாததால் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அது மூடநம்பிக்கை, மாமான். வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு" என்றாள். அம்மா என்பதற்கு அவள் வாயில் வருவது மாமான்தான்.

வீட்டை யார் வாங்குவார்? அந்தத் தெருவில் விற்பனைக்கு என்று பலகை மாட்டிய வீடுகளில் பலகையே வெளுத்துவிட்டது. பேச்சை மாற்றி, "குழந்தை எப்போ?" என்று கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். அவளோடு வாழ்கிற பையனின் வேலை நிரந்தரமாகட்டும் என்கிறாள். அவன் கம்பெனி புது ஆர்டர் வரட்டும் என்கிறது. ஆர்டர் கொடுக்க வேண்டியவர் நிலவரம் தெளியட்டும் என்கிறார். என் பேரப்பிள்ளை இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறது. என்னை மூடநம்பிக்கைக்காரி என்கிறாளே, அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்து, அடுத்த ஞாயிறு பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்தது. கல்லறைத் திருநாள் சமயம். அந்த ஊரில் கடைகள் நிறைகிற நாட்கள் அவைதான். எல்லாரும் சாமந்திப்பூத் தொட்டி வாங்கிக் கல்லறையில் வைப்பார்கள். நாம் தலையிலும் மாலையிலும் வைக்கிற சாமந்தி அங்கே செத்தவர்களுக்கு மட்டும்தான். எலோடியும் சில தொட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தாள். அது அவள் கடைசி நாள். சாவியைக் கொடுக்கப்போகிறாள் என்று ஊருக்கே தெரியும்.

அன்றைக்குத்தான் யாருக்கும் காத்திராமல் உள்ளே போனேன். இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்ற தைரியம். ஒரு சாமந்தித் தொட்டி எடுத்தேன். அந்துவானின் கல்லறை இங்கே உப்பளத்தில் இருக்க, அந்தத் தொட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுகூட யோசிக்கவில்லை.

"இன்று நான்தான் முதலா?" என்றேன்.

"ஆமாம், மதாம். இத்தனை நாளில் நீங்கள் முதலில் வந்தது இன்றைக்குத்தான்" என்றாள். பணத்தை வாங்கினாள். பிறகு கேட்டாள், "ஒன்று சொல்லுங்கள். என் கடையில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை?"

எனக்குப் புரியவில்லை.

"தினமும் காலையில் எதிரில் நின்று பார்ப்பீர்கள். ரொம்ப நேரம் பார்ப்பீர்கள். பெரும்பாலும் உள்ளே வராமலே போய்விடுவீர்கள். எழுத்து சின்னதாக இருக்கிறதோ என்று பெரிதாக எழுதினேன். கதவு இருட்டாக இருக்கிறதோ என்று பெயின்ட் அடித்தேன். உங்கள் ஊர்க் காய் இல்லையோ என்று தேடி வாங்கி வைத்தேன். எதிர்வீட்டு மதாமே வரத் தயங்குகிறாரே என்று அப்பாவும் கேட்டார். தெருவில் மற்றவர்களும் உங்களைப் பார்த்தார்கள், மதாம்."

சொல்ல முயன்றேன். என் கணவர் இறந்துவிட்டார், அதனால்தான் என்றேன். "மிகவும் வருந்துகிறேன், மதாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நல்லவள். நான் இன்னும் அந்தத் துக்கத்தில்தான் கடைக்குள் வரவில்லை என்று நினைத்துவிட்டாள். அதற்கு மேல் என் பிரெஞ்சு வரவில்லை. வந்திருந்தாலும் என்ன சொல்வது? உன் கடை வாழ வேண்டும் என்றுதான் உன் கடையில் வாங்கவில்லை என்றா?

6

கிறிஸ்துமசுக்கு முன்னால் மேரியிலிருந்து ஒருவர் வந்தார். காலியான கடையின் கண்ணாடியில் ஒட்டப் படம் தயாராகிறது, அதில் நீங்களும் இருக்கிறீர்கள், ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அதிகாரி எது கேட்டாலும் "உய், முசியே" என்று தலையாட்டுவது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆட்டிவிட்டேன்.

ஒரு காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். எதிரில் எலோடியின் கடை திறந்திருந்தது. கூடை கூடையாகக் காய்கறி. வாசலில் மேயர், ரிப்பன், ஆப்பிள். எலோடி பல் தெரியச் சிரிக்கிறாள். இடப்பக்க ஓரத்தில், கடைக்கு வெளியே, கோட்டு போட்டுக்கொண்டு ஒரு கறுத்த பொம்பளை காலிப் பையோடு நிற்கிறாள். ஆள் உயரத்துக்கு நிற்கிறாள். உள்ளே போவாளா, மாட்டாளா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். நான்தான்.

அன்றிலிருந்து அந்தத் திரையை நான் விலக்குவதில்லை. விலக்காவிட்டாலும் அவள் நிற்கிறாள் என்று தெரியும். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் தெரு விளக்கு அவள்மேல் விழுந்திருக்கும். என்னை ஒட்டிவிட்டார்கள், நானே என் கண்ணீர் அஞ்சலியைத் தாண்டி வீட்டுக்குப் போகிறேன் என்று தோன்றும். அந்தக் கறிக்காரர் ஏன் மகள் ஊரோடு போய்விட்டார் என்று இப்போது புரிகிறது.

7

வியாழக்கிழமை நான் பத்தரை வரை பொறுக்கவில்லை. ஒன்பதுக்கெல்லாம் நானே ஆட்டோ பிடித்துவிட்டேன். ஜெரால்டு கடைக்கு எதிரில், டீக்கடை ஓரமாக இறங்கி நின்றேன். பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். கையில் பழக்கதோஷத்தில் பை.

சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு வண்டியேறினார். தங்கை வீட்டுக்காரர் பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைத்தார். ஒரு ஸ்கூட்டி வழுக்கப் பார்த்து, ஓட்டியவன் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனான். கடைக்குள் ஏற்கெனவே ஆட்கள். ஒரு எலக்ட்ரீஷியன் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு காசை நீட்டியபடி நிற்கிறான். ஜெரால்டு வாங்கவில்லை.

"செத்த இருண்ணா. போணிக்கு ஸ்டெல்லா அத்தை வராங்க."

ஸ்டெல்லா, தங்கை வீட்டுக்காரரின் தங்கை. மஞ்சளும் குங்குமமுமாக இல்லாவிட்டாலும் தாலியும் பூவுமாக வரக்கூடியவள். நெல்லித்தோப்பில் வண்டி மாட்டிக்கொண்டதாம். போன் மேல் போன் போட்டார்கள். எலக்ட்ரீஷியன், "தம்பி, சைட்ல ஆளு நிக்கறாங்க. குடுத்தா போறேன், இல்லன்னா வேற கடை பாக்கறேன்" என்றான். பிலோமினா வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கடை, புதுச் சரக்கு, வாங்க ஆள், வாங்கப் பணம் எல்லாம் இருக்கிறது. எல்லாரும் நிற்கிறார்கள். எனக்கு மேரியில் திரை போட்டுக் காட்டிய பையன் ஞாபகம் வந்தான்.

போட்டோகிராபர் ரோட்டுக்கு வந்து கேமராவைத் தூக்கினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தவர் கையை ஆட்டினார்.

"ஓரமா நிக்கிற பச்சைப் பொடவ அம்மா! பாதி ஃபிரேம்ல வர்றீங்க. வந்தா உள்ள வாங்க, இல்லன்னா வெளிய போங்க."

காலிப் பையோடு ஓரத்தில் நிற்கிறேன். முன்னால் புதுக் கடை. கேமரா. இந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். இன்னொரு சுவரில் இன்னொரு தடவை என்னை ஒட்ட வேண்டாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பூசணிச் சிதறலைத் தாண்டி ரோட்டைக் கடந்தேன்.

"அக்கா..." என்றாள் பிலோமினா.

"ஜெரால்டு, ஒரு பல்பு குடுப்பா."

ஜெரால்டு அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும், சின்னப்பிள்ளை இல்லை. திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை, முக்காலி மட்டும் போட்டுவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எத்தனை வாட்ஸு பெரியம்மா?" என்றான்.

"எதுனா ஒண்ணு" என்றேன். அவனே ஒன்றை எடுத்து அட்டையிலிருந்து உருவி, மேசைமேல் இருந்த ஹோல்டரில் மாட்டிப் போட்டுக் காட்டினான். எரிந்தது. பணத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒரு கண்ணில் ஒற்றி, மறு கண்ணிலும் ஒற்றிக் கல்லாவில் போட்டான். அந்துவான் போனதற்கப்புறம் என் கைக் காசை ஒருவர் கண்ணில் வைத்தது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே, எலக்ட்ரீஷியனுக்கு முன்னால், அழுதுவிட்டேன்.

வாசலில் சொந்தக்காரிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பிலோமினா கதவு மாலையில் தொங்கிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "எங்கக்கா கைராசிக்காரி. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நாந்தான் வரச் சொன்னேன்" என்றாள்.

ஸ்டெல்லா வந்து சேர்ந்தபோது எலக்ட்ரீஷியன் போயிருந்தான். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அன்றைய வியாபாரம் எப்படி என்று நான் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

மாதக் கடைசியில் திரும்பிப் போகிறேன். பல்பைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருக்கிறேன். அங்கே ஹோல்டர் வேறு மாதிரி, மாட்ட முடியாது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிர்ப்பக்கக் கண்ணாடியில் அவள் அதே கோட்டோடு, அதே காலிப் பையோடு நின்றுகொண்டிருப்பாள். நான் இங்கே போணி பண்ணிவிட்டேன் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.